தகரம் அடிக்க முன்னர் போய்ப் பாருங்கள்

சென்ற மாதம் நிந்தவூரைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டுபவர். "காக்கா, லீசிங் போட்டு புதுச் செசி ஒன்று எடுத்திருக்கிறேன். பொடி அடிக்க எந்த இடத்துக்குக் கொடுக்கலாம்? நீங்கள் நாலு இடம் போய் வந்தவர். ஒரு நல்ல பெயராகச் சொல்லுங்கள்" என்றார்.

நான் பெயர் சொல்லவில்லை. அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் பஸ் பொடி அடிக்கும் வேலைத்தலங்களில் தரம் என்பது பெயர்ப்பலகையில் இருப்பதில்லை. அங்கே வெல்டிங் பிடிக்கின்ற இரண்டு மூன்று பாஸ்மாரின் கையில் இருக்கிறது. இன்றைக்கு நன்றாகச் செய்கின்ற பாஸ் நாளைக்குக் கட்டாருக்குப் போய்விட்டால் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும். ஆகவே எங்கே கொடுப்பது என்பதைவிட, கொடுக்கும் இடத்தில் போய் எதைப் பார்ப்பது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பஸ் இல்லாதவர்களும் வாசிக்கலாம். லொறிக்குப் பெட்டி அடிப்பவர், மீன் ஏற்ற குளிர்ப்பெட்டி கட்டுபவர், பழைய வேன் வாங்கப் போகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் நான் ஏமாந்த கதை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன பிறகு மருதமுனை முதல் காரைதீவு வரை எத்தனை வாகனங்கள் உப்புத் தண்ணீரில் கிடந்தன என்பது நம்மவர்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் கடைச் சாமான் ஏற்ற ஒரு வேன் தேவைப்பட்டது. வெளியூர் தரகர் ஒருவர் மூலம் வெள்ளை நிற வேன் ஒன்று வந்தது. பெயின்ற் பளபளப்பு. எஞ்சின் சத்தமும் பிழையில்லை. விலையும் கொஞ்சம் குறைவு. வாங்கிவிட்டேன். எட்டு மாதத்தில் கால் மிதியைத் தூக்கினால் கீழே வீதி தெரிந்தது. கதவின் உட்பலகையைக் கழற்றிய டிங்கர் பாஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கதவுக்குள்ளே ஒரு கை அளவு கடல் மணல்!

அன்றைக்கு ஒரு சின்னக் காந்தம் என் சட்டைப்பையில் இருந்திருந்தால் போதும். தகரத்தில் காந்தம் ஒட்டும். பட்டி தடித்து அப்பிய இடத்தில் ஒட்டாது, அல்லது மெதுவாக வழுக்கும். கதவின் அடிப்பாகம், சில்லுக்கு மேலுள்ள வளைவு, படிக்கட்டு ஓரம் ஆகிய மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தாலே போதும். ஆனால் நான் பெயின்ற்றைப் பார்த்தேன்.

பெயின்ற் என்பது கடைசியில் போடுகின்ற சட்டை. பொடியின் தரம் அதற்கு முன்னரே முடிவாகிவிடுகிறது. அது முடிவாகின்ற நாட்களில் உரிமையாளர் அந்த இடத்தில் இருப்பதில்லை என்பதுதான் நமது பிரச்சினை.

கரூரில் பார்த்தது

எனது தொழில் புடவை வியாபாரம். படுக்கை விரிப்பும் துவாயும் எடுக்க 2025 இல் தமிழ்நாட்டின் கரூருக்குப் போனேன். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து சுமார் 80 கிலோமீற்றர். அமராவதி ஆற்றங்கரையில் உள்ள நடுத்தரமான ஊர். ஆனால் வியாபாரத்தில் பெரிய ஊர். கரூர் வைசியா வங்கி 1916 இலும் லட்சுமி விலாஸ் வங்கி 1926 இலும் இந்த ஒரே ஊரில்தான் பிறந்தன. (இரண்டாவது வங்கி 2020 இல் சிங்கப்பூர் வங்கியொன்றின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அது வேறொரு பாடம், இன்னொரு வாரம் பார்ப்போம்.) துணிக்கு அடுத்தபடி கரூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பஸ் பொடி. தமிழ்நாட்டின் வீதிகளில் ஓடும் தனியார் பஸ்களில் பெருந்தொகையானவை அங்கேதான் உருவாகின்றன.

ஊருக்குள் போகும் வழியிலேயே ஒரு காட்சி. கூரையில்லை, சுவரில்லை, வெறும் எஞ்சினும் நான்கு மூலையில் சில்லும் நீண்ட இரும்புச் சட்டமும் மட்டும். சாரதி தலைக்கவசம் அணிந்து, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டி வருகிறார். எண்ணூர், ஓசூர் போன்ற இடங்களில் உள்ள தொழிற்சாலைகளிலிருந்து செசி இப்படித்தான் வந்து சேர்கிறது. அதாவது எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் பெரிய கம்பனி செய்து, சோதித்து, உத்தரவாதத்தோடு கொடுக்கிறது. ஆனால் நாற்பது ஐம்பது மனித உயிர்கள் உட்காரும் அந்தப் பெட்டியை மட்டும் வேறொருவர் செய்கிறார். நமது நாட்டிலும் இதே கதைதான். 1958 இல் பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தபோது வண்டியைப் பார்க்கும் பொறுப்பு சபையிடமும் வெரஹெரவில் இருந்த அதன் பெரிய வேலைத்தலத்திடமும் இருந்தது. தனியார் பஸ் வந்த பிறகு அந்தப் பொறுப்பு ஒவ்வொரு முதலாளியின் தலையிலும் தனித்தனியாக வந்து விழுந்திருக்கிறது. எத்தனை பேருக்கு அது தெரிகிறது என்பது வேறு விடயம்.

துணி கொடுக்கும் முதலாளியின் உறவினர் ஒருவர் பொடி வேலைத்தலம் வைத்திருந்தார். "வாங்க பாய், தாராளமாப் பாருங்க" என்று உள்ளே விட்டார். பார்க்க விட்டதே முதல் நல்ல அடையாளம். வாடிக்கையாளரை வாசலோடு வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புகின்ற இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பக்கச் சட்டத்தைச் செசியின் மேல் நின்றுகொண்டு கண் மதிப்பில் ஒட்டவில்லை. தரையில் பதித்த ஒரு இரும்பு அச்சில் பொக்ஸ் பார்களைப் படுக்க வைத்து, இறுக்கி, பிறகு வெல்டிங் பிடிக்கிறார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அச்சில் பிறப்பதால் ஒன்றுக்கொன்று பிசகுவதில்லை. சட்டம் நிமிர்ந்ததும் ஒருவர் அளவு நாடாவால் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரம், இல்லாவிட்டால் கோணல். வீடு கட்டுகின்ற மேசன் பாஸ் அத்திவாரத்தில் செய்கின்ற அதே வேலைதான். இதைச் செய்யாத வண்டியில்தான் ஆறு மாதத்தில் கண்ணாடி தானாக வெடிக்கும், கதவு இழுபடும்.

அடுத்ததாக அவர் ஒரு விடயம் காட்டினார். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் தரையில் குறுக்காக ஓடும் இரும்பு, அதன் முனையிலிருந்து எழும் ஜன்னல் தூண், அந்தத் தூணின் தலையில் வளைந்து போகும் கூரை வில், மறுபக்கத் தூண், மீண்டும் தரை. இவை எல்லாம் ஒரே கோட்டில் சந்தித்தால் அது ஒரு மூடிய வளையம். இப்படி ஏழெட்டு வளையங்களை வரிசையாக நிறுத்தினால் அதுதான் பஸ். வண்டி உருண்டால் இந்த வளையங்கள்தான் கூரையைத் தாங்க வேண்டும். கூரை வில் ஒரு இடத்திலும் தூண் ஒரு முழம் தள்ளியும் நின்றால் அங்கே வளையமே இல்லை. மெல்லிய நீளப் பட்டி ஒன்றின் மேல் கூரை உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தகரம் அடித்த பிறகு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடிக்க முன்னர் பார்த்தால் ஒரு சிறுபிள்ளைக்கும் தெரியும்.

உலகத்தில் இதற்கென ஒரு சோதனையே இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 66 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி என்பது அதன் பெயர். பஸ்ஸை ஒரு மேடையில் நிறுத்தி, மெதுமெதுவாகச் சாய்த்து, 800 மில்லிமீற்றர் கீழே உள்ள கொங்கிறீட் தரையில் பக்கவாட்டாக விழச் செய்வார்கள். பயணிகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் தூணோ கூரையோ நுழையக்கூடாது. நுழைந்தால் தோல்வி. இந்தியாவில் இதையொட்டி ஏ.ஐ.எஸ். 031 என்ற விதியும், அவசர வழி, நடைவழியின் அகலம், ஆசனம் போன்றவற்றை நிர்ணயிக்கும் ஏ.ஐ.எஸ். 052 என்ற பஸ் பொடி விதிக்கோவையும் உண்டு.

விதி இருந்தால் போதுமா? 2025 ஒக்டோபர் 14 இல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சேவையில் சேர்ந்து சில வாரங்களே ஆன புது வண்டி. சாதாரண பஸ்ஸாக இருந்ததை ஏ.சி. பஸ்ஸாக மாற்றியிருந்தார்கள் என்றும் கதவு இறுகிக்கொண்டதால் உள்ளே இருந்தவர்கள் வெளியேற முடியவில்லை என்றும் செய்திகள் வந்தன. பஸ் முதலாளி மட்டுமல்ல, பொடி அடித்த நிறுவனத்தின் உரிமையாளரும் கைதானார். பத்து நாள் கழித்து 24 ஆம் திகதி ஆந்திராவின் கர்னூலில் இன்னொரு இரவு பஸ் எரிந்தது. நமது நாட்டிலும் அதே வருடம் மே 11 இல் கொத்மலை கெரண்டி எல்லையிலும் செப்டம்பர் 4 இல் எல்ல - வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பெருந்தொகை உயிர்கள் போயின. அவற்றுக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகின்ற நம்முடைய பிள்ளைகளும் நோயாளிகளும் மஹியங்கனை வளைவுகளில் இரவில் தூங்கிக்கொண்டே போகிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கார்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்

நாம் விரும்பி வாங்குகின்ற ஜப்பான் கார்களின் பொடி எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காரின் வெற்றுப் பொடியில் சில ஆயிரம் புள்ளி வெல்டிங்குகள் இருக்கும். எல்லாம் இயந்திரக் கை பிடிப்பது. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாப் புள்ளியும் ஒன்று போலவே தெரியும். உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவர்கள் இடைக்கிடை ஒரு முழுப் பொடியை வரிசையிலிருந்து வெளியே எடுத்து, உளி வைத்தும் இயந்திரத்தால் இழுத்தும் புள்ளி புள்ளியாகப் பிய்த்துப் பார்க்கிறார்கள். நல்ல வெல்டிங் என்றால் பிரியும்போது ஒரு தகரம் மற்றத் தகரத்திலிருந்து பொத்தான் போல ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வரும். வழுவழுப்பாகப் பிரிந்தால் அது பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். அடுத்ததாகப் பொடியை முழுமையாக மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து, மின்சாரம் பாய்ச்சி முதற்பூச்சைப் பூசுகிறார்கள். தூரிகை போகாத குழாய்க்குள்ளும் மடிப்புக்குள்ளும் பூச்சு போக வேண்டும் என்பதற்காக.

டொயோட்டாவின் கதை மருதமுனைச் சகோதரர்களுக்கு நன்றாகப் புரியும். அந்தக் குடும்பம் காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்கியது. சகிச்சி டொயோடா 1924 இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறியின் சிறப்பு, நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஒரு பாவு நூல் அறுந்தது தெரியாமல் பத்து முழம் நெய்துவிட்டால் என்ன நடக்கும் என்று நெய்தவனுக்குத் தெரியும். 1937 இல் கார் கம்பனி தனியாக உருவான பிறகும் அதே யோசனையைத்தான் கொண்டு போனார்கள். பிழை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் அந்தப் பகுதியின் வேலை நிற்கும். பிழையை அடுத்த மேசைக்கு அனுப்புவதில்லை. நமது கராஜில் கயிறு கிடையாது. தகரம் அடிக்க முன்னர் நீங்கள் போய் நின்றால் நீங்கள்தான் அந்தக் கயிறு.

தராசோடு போனேன்

கரூரிலிருந்து வந்த கையோடு எனது மச்சானின் பஸ் வேலைக்கு வந்தது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, பல வருடம் பூட்டிக் கிடந்து, 2025 தொடக்கத்தில்தான் எல்லா வாகனத்துக்கும் திறந்தது. அதுவரை பழைய பஸ்ஸையே ஒட்டி ஒட்டி ஓட்டியவர் மச்சான். முந்திய பொடி நான்கு வருடத்தில் ஆசனக் கால்கள் தரையிலிருந்து கழன்று ஆடிய பொடி. "இந்தத் தடவை நீங்களும் ஒருக்கா வந்து பாருங்க மச்சான்" என்றார். வெளி மாவட்டத்தில் ஒரு வேலைத்தலம். பெயர் வேண்டாம்.

போகும்போது பக்கத்துக் கடை மீன் வியாபாரியிடம் தூக்குத் தராசை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மச்சானுக்கு வெட்கம். "பஸ் பார்க்கப் போறமா, பாரை மீன் வாங்கப் போறமா?" என்று கேட்டார்.

விடயம் இதுதான். பொடிச் சட்டத்துக்குப் பதினாறு கேஜ் பொக்ஸ் பார் என்று விலைப்பட்டியலில் எழுதியிருந்தார்கள். பதினாறு கேஜ் என்றால் தடிப்பு சுமார் 1.6 மில்லிமீற்றர். பதினெட்டு கேஜ் என்றால் சுமார் 1.2. வெளியளவு இரண்டிலும் ஒன்றே. பெயின்ற் பூசி அடுக்கி வைத்தால் பார்வைக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் கால்வாசி இரும்பு குறைவு. 40 மில்லிமீற்றர் சதுரமான 20 அடி பார் ஒன்று பதினாறு கேஜ் என்றால் ஏறத்தாழ 12 கிலோ இருக்கும், பதினெட்டு என்றால் ஏறத்தாழ 9 கிலோ. தராசு பொய் சொல்லாது.

அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தூக்கினோம். ஒன்பதைக் கொஞ்சம் தாண்டியது.

வேலைத்தல முதலாளி கோபப்படவில்லை. மச்சானைப் பார்த்துச் சிரித்தார். "ஹாஜியார், நீங்க கடைசியாப் பேசின விலைக்கு இதுதான் வரும். முதல் சொன்ன விலைக்குப் பதினாறுதான் போட இருந்தேன். நீங்க குறைச்சீங்க. அதுக்குப் பிறகு கூரை முழுக்கக் கலர் லைட் கேட்டீங்க, ஸ்பீக்கர் கூடுதலாக் கேட்டீங்க, முன் கண்ணாடிக்கு மேல பெரிய பெயர்ப் பலகை கேட்டீங்க. நான் எங்க இருந்து எடுக்கிறது?"

விலைப்பட்டியலில் ஒன்றை எழுதி வைத்துவிட்டு இன்னொன்றைப் போடுவது பிழை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதை அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நாம் கண்ணுக்குத் தெரிகின்ற லைட்டுக்குக் காசு கொடுக்கிறோம். தெரியாத இரும்புக்குப் பேரம் பேசுகிறோம். வேலைத்தலக்காரர் நஷ்டப்படப் போவதில்லை, தெரியாத இடத்தில் இருந்துதான் எடுப்பார். மச்சான் அந்த இடத்திலேயே கலர் லைட்டில் பாதியைக் குறைத்தார். தூணும் கூரை வில்லும் தரைக் குறுக்குச் சட்டமும் பதினாறு, அதுவும் கல்வனைஸ் செய்தது, ஜன்னலுக்குக் கீழே உள்ள சில்லறைச் சட்டம் பதினெட்டு என்று புதிதாக எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். சண்டை இல்லை. தேநீர் வந்தது.

நமது கரைக்கு கல்வனைஸ் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். கல்முனையில் கடற்கரைக்கும் பிரதான வீதிக்கும் எவ்வளவு தூரம்? இரவில் பஸ் நிற்கின்ற இடம் பெரும்பாலும் கடற்காற்று நேரே வீசும் இடம். உப்புப் படிந்த இரும்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். மழை தேவையில்லை. கல்வனைஸ் என்பது நாகப் பூச்சு. அது முதலில் தன்னைக் கரைத்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் ஒரு பொறி உண்டு. இரும்பு உருகும் சூட்டில் நாகம் ஆவியாகிப் போய்விடும். ஆகவே வெல்டிங் பிடித்த ஒவ்வொரு மூட்டிலும் பாதுகாப்புப் போய், வெறும் இரும்புதான் மிஞ்சும். மூட்டு மூட்டாகக் கம்பித் தூரிகை போட்டு, நாகம் கலந்த பிரைமர் தொட்டு வைக்க வேண்டும். இது வேலைப்பளு கூடிய, பெயர் வாங்கித் தராத வேலை. யாரும் நிற்காவிட்டால் நடக்காது.

இன்னொன்று, வெளித் தகரம் அலுமினியம் என்றால் இரும்புச் சட்டத்தின் மேல் நேரடியாக வைத்து ரிவெட் அடிக்கக்கூடாது. இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்தால் ஒரு சின்ன பற்றரி மாதிரி வேலை செய்து ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் பூச்சும் ஒட்டு நாடாவும் வேண்டும். அத்துடன் அடிப்பக்கக் குழாய்களில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். தண்ணீர் உள்ளே போகாது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். போகும். வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது தடவை போனபோது சட்டம் எழும்பி நின்றது. தகரம் இன்னும் இல்லை. குனிந்து செசியைப் பார்த்தேன். செசியின் இரண்டு நீளச் சட்டங்களின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ வெல்டிங் பிடிக்கவோ கூடாது. ஒரு பலகையின் இரண்டு முனையையும் தாங்கி நடுவில் மிதித்தால் மேல் முகம்தானே அதிகம் நெருக்குப்படும், கீழ் முகம்தானே அதிகம் இழுபடும்? செசியும் அப்படித்தான். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். பொடியை யூ போல்ட்டாலும், செசிக் கம்பனி குறித்துக் கொடுத்த இடங்களிலும்தான் பிடிக்க வேண்டும். இங்கே சரியாக இருந்தது. பற்றரி வயர் கழற்றியிருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை! இப்போதைய எஞ்சினுக்கு கம்பியூட்டர் பெட்டி உண்டு. பற்றரியை இணைத்தபடியே வெல்டிங் பிடித்து அது எரிந்தால் செசிக் கம்பனி உத்தரவாதம் தராது. அதைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

பின்பக்கத்தில் ஒரு வரிசை ஆசனம் கூட்டலாம், சட்டத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும் என்று பாஸ் ஆசை காட்டினார். மச்சானின் முகம் மலர்ந்தது. ஐந்து ஆசனம் என்றால் ஒவ்வொரு நாளும் ஐந்து டிக்கட் அல்லவா. ஆனால் பின்சில்லுக்குப் பின்னால் பாரம் கூடக்கூட முன்சில்லின் பிடி குறையும். இந்தியாவில் இதற்கு ஒரு சட்ட அளவு வைத்திருக்கிறார்கள். பின்னால் நீண்டு நிற்கும் பகுதி இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரத்தில் 60 வீதத்தைத் தாண்டக்கூடாது. அத்தோடு அந்த வரிசை வந்தால் பின் அவசரக் கதவின் வழி அடைபடும். "வேண்டாம் மச்சான்" என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மச்சானுக்கு அவசரம் ஏன் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. பஸ் கராஜில் நிற்கின்ற ஒவ்வொரு நாளும் லீசிங் தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது. தவணைக்காரன் பொடி அடித்து முடிந்ததா என்று கேட்பதில்லை. அதனால் முதலாளிமாரே பாஸ்மாரை நெருக்குகிறார்கள். நெருக்கினால் முதலில் வெட்டுப்படுவது பிரைமர் காயும் நேரம்தான். செசி எடுக்கும்போதே முதற்தவணையை இரண்டு மாதம் தள்ளிப் பேசிக்கொள்ளுங்கள். வட்டி கொஞ்சம் கூடும் என்றால் அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பொடிக் காசையும் தொடக்கத்தில் பெருந்தொகையாகக் கொடுத்துவிட வேண்டாம். சட்டம் எழும்பி, நீங்கள் வந்து பார்த்து, சரி என்ற பிறகு ஒரு பங்கு. தகரமும் வயரும் முடிந்த பிறகு ஒரு பங்கு. தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகு கடைசிப் பங்கு. இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு பஸ்ஸை விற்கும்போதும் அந்தப் படம் காசாகும்.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எனக்கு அதிகம் தெரிந்த துறை அல்ல. கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான். கூடுதல் லைட்டுக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி பியூஸ் இருக்கிறதா? தகரத்தைத் துளைத்துப் போகும் இடமெல்லாம் வயருக்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறதா? தகர விளிம்பு ஓடும் வண்டியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயரை அறுத்துக்கொண்டே இருக்கும். பிறகு அவசரக் கதவை நீங்களே உள்ளிருந்து ஒரு கையால் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையை அழைத்துப் போய்த் திறக்கச் சொன்னால் இன்னும் நல்லது. சாரதியின் புஜபலத்துக்கு மட்டும் திறக்கும் கதவு கதவல்ல.

மூன்றாவது பயணம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு. பஸ் பளபளவென்று நின்றது. நாங்கள் பெயின்ற்றைப் பார்க்கவில்லை. எல்லா ஜன்னலையும் சாத்தி, நான் உள்ளே உட்கார்ந்துகொள்ள, வெளியே இரண்டு பையன்கள் குழாயால் இருபது நிமிடம் தண்ணீர் அடித்தார்கள். பின் கண்ணாடியின் இடது மூலையில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு கூரையில் ஏ.சி. பெட்டி உட்காரும் ஓரத்தில் ஒன்று. சோக் கட்டியால் வட்டம் போட்டோம். பாஸ் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிப் பார்த்தால் அங்கே ஒட்டுப்பசை ஒரு சாண் நீளத்துக்கு விடுபட்டிருந்தது. மாலையில் மீண்டும் அடித்தோம். சொட்டவில்லை. கடைசிப் பங்கு காசோலையை மச்சான் அப்போதுதான் எழுதினார்.

நிந்தவூர்ச் சகோதரருக்கு: பெயர் தரவில்லை என்ற கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தூக்குத் தராசை உங்கள் சாரதியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மீன்கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். முதல் பாரை நிறுத்துப் பார்த்ததும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.